ஆற்றுக்கும் நாடி உண்டு!

"டாக்டர், பையன் வீட்ல ஆறு மாசம் இருந்தேன். ஜெயில்ல இருந்த மாதிரி இருந்தது!"

இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என்னிடம் இப்படிப் புலம்பினார். சர்க்கரை ஏறியிருந்தது. எடை நாலு கிலோ கூடியிருந்தது. பகல் முழுக்க சோபா, டி.வி.தான் துணையாம்.

"ஞாயிற்றுக்கிழமைகூட பையன் எங்கேயும் கூட்டிட்டுப் போகலையா?"

"அவன் தூண்டிலைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிடுவான். என்னையும் கூப்பிட்டான். இந்த வயசுல எனக்கெதுக்கு சார் மீன் பிடிக்கிற வேலை?"

அங்கேதான் அவர் தப்புப் பண்ணிவிட்டார்!

என் தம்பியும் அந்த ஊரில்தான் இருக்கிறான். ஒருமுறை அவனோடு ஆற்றங்கரையில் அரை நாள் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன்... பிள்ளை கூப்பிட்டால் போய் வாருங்கள்.

அங்கே பிடிப்பது ட்ரவுட் மீன். வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அதே குடும்பம்தான். புழு வைத்துப் பிடிப்பதில்லை. முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து வீசுகிறார்கள். ஆற்றுப் பூச்சிகள் பலவும் சிறகு முளைக்கும்வரை மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லாக வாழ்கின்றன. அந்த இளம்பூச்சிக்குப் பெயர்தான் நிம்ஃப். ட்ரவுட் பெரும்பாலும் தின்பது அதைத்தான்.

மேலே மிதக்கும் பூச்சியை வீசிப் பிடிப்பதுதான் கௌரவம் என்று பலர் நினைத்த காலத்தில், அடியில் இருப்பதையும் பாருங்கள் என்று 1910-லேயே புத்தகம் எழுதினார் ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல். பின்னால் ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர், ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் மெல்லிய செம்புக் கம்பியையும் சுற்றி ஒரு நிம்ஃப் செய்தார். இன்றும் அதுதான் பலருக்கு முதல் பாடம்.

புதியவர்களுக்கு வழி சுலபம். ஒன்பதடிக் கோல் போதும். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நரம்பு விட்டு, மேலே சின்னத் தக்கை கட்டுங்கள். நீரோட்டத்துக்கு எதிரே சற்றுச் சாய்வாக வீசுங்கள். நிம்ஃப் அடிமட்டத்தை ஒட்டி, தண்ணீரின் வேகத்திலேயே வரவேண்டும். இழுக்கக் கூடாது. தக்கை ஒரு கணம் தயங்கினால் கோலை மெதுவாக உயர்த்துங்கள்.

தயங்கியது கல் தட்டியா, இலை தட்டியா, மீனா? வாத, பித்த, கப நாடிகளை மூன்று விரலால் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கே அன்று சோதனைதான்! மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் வேறு கவலையே மனசில் வரவில்லை.

இனி வைத்தியனாகச் சில வார்த்தை.

சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், இதய நோயாளிகள் ஆற்றில் இறங்கவே வேண்டாம். தண்ணீர் புகாத கால்சட்டை போட்டாலும் குளிர் விடாது. பூட்ஸுக்குள் புண் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கரையில் நின்றே வீசலாம். இறங்குகிறவர்களும் முழங்காலோடு நிறுத்துங்கள். கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். ஒரு கால் உறுதியாக ஊன்றிய பிறகே அடுத்த காலை நகர்த்துங்கள். முள் பறந்து வரும். கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். காயத்தை மூடிக்கொள்ளுங்கள், சாப்பிடுமுன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். இங்கிலாந்தில் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும்; ஆற்றங்கரைக்கு உரியவரின் அனுமதியும் வேண்டும்.

"உயிரை வதைப்பது பாவமில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பலர் எதிர்முள் இல்லாத முள்ளால் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட்டு, உடனே விட்டுவிடுகிறார்கள். அதுவும் மனம் ஒப்பவில்லையா? தூண்டிலே வேண்டாம். கரையோரக் கல்லை மெதுவாகப் புரட்டி அடியில் ஊரும் இளம்பூச்சிகளைப் பாருங்கள், பார்த்ததும் கல்லைப் பழையபடி வையுங்கள். பூச்சிகள் பல வகையாக இருந்தால் ஆறு நலமாக இருக்கிறது என்று பொருள்.

இது மருந்துக்கு மாற்றல்ல. மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் சோபாவை விட ஆற்றங்கரை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வங்கி அதிகாரி அடுத்த கோடையில் மறுபடி போகிறார். காலைப் பரிசோதித்தேன், பாதத்தில் உணர்ச்சி குறைவு. "கரையிலேயே நில்லுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"மீன் கிடைக்குமா டாக்டர்?"

"மீன் கிடைக்காட்டி என்ன சார்? பையன் கிடைப்பானே!"