இஸ்தோப்பில் ஒரு வாளித் தோட்டம்

தை முதல் பங்குனி வரை மலையகத்தின் பல தோட்டங்களில் பீலித் தண்ணீர் நூலாகிவிடும். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து வந்த பெண்தான் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். சமைக்க, குளிக்கப் போகச் செடிக்கு ஊற்ற என்ன மிஞ்சும்? தோட்ட மக்கள் சோம்பலால்தான் வீட்டுத்தோட்டம் செய்வதில்லை என்று மேடையில் பேசுவோர் ஒரு வாரம் பீலிக்கரைக்கு வந்து நிற்கட்டும்.

2021இல் இரசாயன உரம் தடுக்கப்பட்டு, 2022இல் நாடே நெருக்கடியில் விழுந்தபோது, நுவரெலியா மரக்கறி நுவரெலியாத் தொழிலாளியின் சட்டிக்கே எட்டாமற் போனது. அதை நாம் மறக்கவில்லை.

நகரத்தில் மொட்டை மாடியில் மரக்கறி வளர்ப்போர் ஒரு வாளிமுறையைக் கையாளுகின்றனர். எமது தகரக் கூரை மழைக்கே ஒழுகுகிறது, அங்கே ஒன்றும் வைக்க முடியாது. ஆனால் இஸ்தோப்பு இருக்கிறது.

ஒரே அளவான இரண்டு பெயின்ட் வாளிகளை நன்றாகக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றை வையுங்கள். இரண்டு அடிகளுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும். அதுதான் தண்ணீர்த் தொட்டி. உள்வாளியின் அடியில் நடுவே வட்டமாக வெட்டி, துளையிட்ட யோகட் கோப்பையொன்றைத் தொங்கவிட்டு ஈரமண்ணால் நிரப்புங்கள். சுற்றிலும் சில சிறு துளைகள் போடுங்கள். குப்பிலாம்புத் திரி மண்ணெண்ணெயை இழுப்பதுபோல் அந்த மண் நீரை மேலே இழுக்கும். ஓரமாக ஒரு குழாயைத் தொட்டி வரை இறக்கினால் அதன்வழியே நீர் ஊற்றலாம். வெறும் மண் இறுகிவிடும். கூட்டெருவும் தும்புத்தூளும் கலக்க வேண்டும். ஒரு கொச்சிக்காய்ச் செடிக்கு, ஒருமுறை ஊற்றும் நீர் சில நாட்களுக்குப் போதும்.

வெளிவாளியில், உள்வாளியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை அவசியம். அது இல்லாவிட்டால் வைகாசி, ஆனி மழையில் தொட்டி நிரம்பி வேர் அழுகும். அந்தத் துளைக்கு வலைத்துணி கட்டுங்கள், குழாய் வாயை மூடிவையுங்கள். டெங்கு நுளம்புக்கு இந்தளவு தண்ணீரே தாராளம். களைநாசினி வந்த கேன்களை, எத்தனை முறை கழுவினாலும், இதற்குத் தொடவே வேண்டாம்.

இதைப் பார்த்து, "வாளியே போதுமே, காணி எதற்கு?" என்று நாளை துரைமார் கேட்கலாம். நாலு வாளி கீரை நாலு நாள் கறிக்கு உதவும். 7 பேர்ச்சஸ் காணிக்கும் அதன் உறுதிப்பத்திரத்துக்கும் அது ஈடாகாது. குடிநீர் விநியோகம் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதும் வாளியால் மாறிவிடாது.

தோட்டக் கமிட்டிகளும் மாதர் தலைவிமாரும் இம்மாதத்திலிருந்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: எந்த லயத்துப் பீலி எத்தனை நாள் வற்றிக் கிடந்தது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் அந்தக் கொப்பி மேசைமேல் இருக்க வேண்டும்.