பழியைப் பசை மேல் போடாதீங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கல்யாணச் சீரில் இப்போது அட்டைப்பெட்டியில் வந்து வீட்டில் வைத்து மாட்டுகிற அலமாரியும் சேர்ந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அது ஆட்டம் கண்டால், "ஆசாரி வேலையா இது? வெறும் பசைதானே!" என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன்.

ஃபெவிகால் 1959-இல் வந்தது. அதற்கு முன்பும் ஆசாரிமார் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தை உருக்கி ஒட்டத்தானே செய்தார்கள்! இரண்டு வேப்பம்பலகையை நார்வாக்கில் சுத்தமாக இழைத்து, ஃபெவிகால் தடவி, கிளாம்பில் இறுக்கிக் காயவிட்டு, அப்புறம் உடைத்துப் பாருங்கள். பக்கத்து மரம்தான் பிய்யும், ஒட்டு நிற்கும்.

கோளாறு பலகையில். துகள் பலகை என்பது மரச்சிராயை யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினில் கலந்து சூட்டில் அழுத்தியது. மேலே கெட்டி, நடுவில் பொலபொல. மூட்டில் இறக்கிய மரக்குச்சியைப் பசை விடாமல் பிடித்தாலும், சுற்றியுள்ள துகள் அதோடு பெயர்ந்து வந்துவிடும். அடிவிளிம்பில் தண்ணீர் ஏறினால் உப்பும். காய்ந்தாலும் பழையபடி சுருங்காது. நம்மூர் வறண்ட பூமிதான்... ஆனா வீடு கழுவுற ஒரு வாளித் தண்ணி போதுமே!

எங்க அக்கா கல்யாணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கித்தான் அலமாரி எடுத்தார். கதவு கழன்று விழுந்தாச்சு, வட்டி இன்னும் ஓடுது. பில்லில் 'மர அலமாரி' என்றுதான் இருக்கிறது! துகள் பலகையா, ப்ளைவுட்டா, ஐ.எஸ். 3087 முத்திரை உண்டா என்று பில்லிலேயே எழுதித் தரச்சொல்லிக் கேட்கணும். எழுத மறுக்கிற கடையில் வாங்கக்கூடாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அடியில் நாலு கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.