அவசரமில்லாத ஒரு குளியல்



கடைசியாக நீங்கள் அவசரமில்லாமல் குளித்தது எப்போது? அடுப்பில் கறி கொதிக்கிறது. பாடசாலை வேன் வரும் நேரம். கதவுக்கு வெளியே பிள்ளை "உம்மா" என்று கூப்பிடுகிறது. நாலு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். உடல் சுத்தமாகிவிட்டது, களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

களைப்பையும் சேர்த்துக் கழுவவென்றே கட்டிய கட்டடம்தான் ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் மண்டபம். துருக்கியின் இஸ்தான்பூல் நகரில், ஆயா சோபியாவுக்கு அருகே, சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தானின் பெயரில் 1556இல் எழுந்த ஹம்மாம் இன்றும் நிற்கிறது. கட்டியவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சினான். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. வாசல்கள் மட்டும் எதிரெதிர் முனைகளில். நெடுங்காலம் குளியலுக்குப் பயன்படாமல் இருந்த இது, திருத்தப்பட்டு 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இத்தகைய ஹம்மாமில் நேரே வெந்நீருக்குப் போய்விட முடியாது. முதலில் குளிர்ந்த கூடம். அங்கே உடை மாற்றித் துணி சுற்றிக்கொள்வார்கள். அடுத்தது இளஞ்சூடான அறை. அதன் பிறகே வெப்ப மண்டபம். உடலும் மனமும் படிப்படியாகத் தளர்வதற்கு இந்த ஒழுங்கு.

வெப்ப மண்டபத்தில் ஐம்புலன்களுக்கும் வேலை உண்டு. குவிமாடத்தில் பதித்த சிறு கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் இறங்கும். வெளிச்சம் வரும், வெளியார் பார்வை வராது! நடுவே அகன்ற சலவைக்கல் மேடை. எங்கோ எரியும் அடுப்பின் சூடான புகை தரைக்கு அடியில் ஓடி அந்தக் கல்லைச் சூடாக்கும். நெருப்பு கண்ணில் படாது. அதன் இதம் மட்டும் முதுகில் ஏறும். சவர்க்கார நுரையின் வாசம். தண்ணீர் விழும் ஓசை குவிமாடத்தில் பட்டு மெல்லத் திரும்பும்.

சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசைகள் இளகுகின்றன. திரும்பும்போதும் அதே வழிதான். குளிர்ந்த கூடத்தில் சாய்ந்திருந்து, ஏதாவது குடித்து, பேசி, பிறகே வீடு. 1717இல் சோபியா நகரின் ஹம்மாமுக்குள் போய்ப் பார்த்த ஆங்கிலப் பெண்மணி மேரி மொண்டேகு, அதைப் பெண்களின் கோப்பிக் கடை என்றே எழுதினார். ஊர்ச் செய்தியெல்லாம் அங்கேதானாம்!

ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகளும் இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் கடும் வெப்பத்தில் இருக்கக்கூடாது.

நமக்குச் சலவைக்கல் மண்டபம் வேண்டாம், சகோதரியே. அதன் ஒழுங்கு போதும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். பிள்ளைகளை வாப்பா பார்த்துக்கொள்ளட்டும். குளியலறை ஜன்னலின் உயரத்தில் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வழி விடுங்கள். உட்கார ஒரு சிறு பலகை போடுங்கள். இளஞ்சூட்டு நீரை மெதுவாக ஊற்றுங்கள். குளித்து முடிந்ததும் உடனே குசினிக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம் சும்மா இருந்து, ஒரு தேத்தண்ணீர் குடியுங்கள்.

இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், இந்த ஓய்வுக்காகவே ஒரு காலத்தில் குவிமாடம் கட்டினார்கள் என்று சொல்லுங்கள்.