காரியதரிசிக்குப் பின் யார்?

நாம் பார்வையிடும் நெசவாளர் சங்கங்கள் பலவற்றில் ஒரு குறையைக் காண்கிறோம். எந்தத் தறிக்கு எந்தப் பாவு கொடுக்கலாம், எந்த வியாபாரி தவணை தவறுவார், எந்தச் சாயம் நிற்கும் என்பன யாவும் காரியதரிசி ஒருவரின் நினைவிலேயே அடங்கியுள்ளன. பேரேட்டில் பாக்கித் தொகை இருக்கும். அது நின்ற காரணம் இராது. அவர் ஓய்வு பெறும் நாளில் சாவிக்கொத்து கைமாறுகிறது. அனுபவம் அவருடனேயே வீடு செல்கிறது. பின்னர் நூல் தாமதமாக வருகிறது, தறி நிற்கிறது. விவசாயிகள் சங்கத்திலோ, விதைப்புக் காலத்தில் உரம் இருப்பதில்லை. நட்டம் அங்கத்தினருக்கே.

திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இலும் கோ-ஆப்டெக்ஸ் 1935-இலும் தோன்றின. தோற்றுவித்தோர் காலத்துக்குப் பின்னும் ஒரு சங்கம் நிலைப்பது, பொறுப்பேற்க அடுத்தவர் ஆயத்தமாக இருப்பதால்தான்.

ஆகவே, ஓய்வுக்கு ஓராண்டு முன்னதாகவே அடுத்தவரை விதிகளுக்குட்பட்டுத் தெரிவு செய்க. உறவு பார்த்தன்று, தகுதி பார்த்து. மூன்று மாதம் சரக்கிருப்பு, மூன்று மாதம் கணக்கு, ஆறு மாதம் கொள்முதலும் விற்பனையும் எனப் பழக்குக. மூத்தவர் அறிந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவிக்க. சாயமும் வடிவமைப்பும் கற்க விரும்பும் நெசவாளர் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

பயின்றவர் வேறிடம் சென்றுவிடுவாரே என்பர் சிலர். உரிய ஊதியமும், உயர்வுக்கு வழியும், நிர்வாக சபையின் மதிப்பும் இருப்பின் பெரும்பாலோர் தங்குவர். அவை இல்லாத சங்கத்தில், போக்கிடம் அற்றவரே எஞ்சுவர்.

அடுத்த மகாசபையில் இலாபப் பங்கீட்டைக் கேட்கும் அங்கத்தினர், இவ்வினாவையும் தவறாது கேட்பார்களாக.