கம்மங்கஞ்சிப் பெருமை யாருக்கு?

"அந்தக் காலத்துல கம்பும் கேப்பையும் சாப்பிட்டாங்க, கல்லு மாதிரி இருந்தாங்க. இப்போ ரேஷன் அரிசியைத் தின்னு சோம்பேறி ஆயிட்டாங்க!"

செம்பட்டி டீக்கடையில் தினமும் கேட்கிற வசனம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா?

முதல் விஷயம், கம்மங்கஞ்சி அன்று யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த சாப்பாடு அல்ல. மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும்தான் விளையும். நெல் விளைய வாய்க்கால் தண்ணீர் வேண்டும். அந்த வயல்கள் யாரிடம் இருந்தன? கூலிக்குப் போனவர்களிடம் இல்லை. அவர்கள் வீட்டில் நெல்லுச்சோறு என்றால் அது தீபாவளி, பொங்கல்!

இரண்டாவது, அந்தக் கஞ்சிக்குப் பின்னால் இருந்த உழைப்பு. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, சொளகில் புடைத்து, மறுபடி இடித்து, களியாகக் கிண்டி, உருட்டித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண்தான் இத்தனையும் செய்தாள். கடைசியில் சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. பெருமை பேசுகிறவர்கள் எத்தனை பேர் உலக்கை பிடித்திருப்பார்கள்?

மூன்றாவது, "கல்லு மாதிரி" கதை. 1947இல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம். பிறந்த குழந்தைகள் பல தக்கவில்லை. தப்பிப் பிழைத்த தாத்தாவை மட்டும் காட்டிவிட்டு, பிழைக்காதவர்களை மறந்துவிடுவது என்ன கணக்கு?

தமிழ்நாட்டில் 2008இல் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய்க்கு வந்தது. 2011இல் இலவசமானது. வேலை கிடைக்காத நாளிலும் அடுப்பு எரிந்தது அதனால்தான். அது சோம்பேறித்தனம் அல்ல, பசியில்லாத வாழ்க்கை.

சிறுதானியம் நல்லதுதான், மறுக்கவில்லை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு நல்லதல்ல என்பதும் சரி. 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு நடந்தது என்ன? ஏழையின் கஞ்சி அழகான பாக்கெட்டில் ஏறி, அரிசியை விட அதிக விலைக்கு விற்கிறது. அன்று அரிசி எட்டாதவருக்கு இன்று கம்பு எட்டவில்லை!

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுதான் சரியான வழி. மானாவாரி விவசாயிக்கும் விலை கிடைக்கும், வாங்குகிறவருக்கும் கட்டுப்படியாகும்.

பாட்டி சாப்பிட்டதைப் பேத்தியும் சாப்பிடட்டும். ஆனால் பாட்டிக்கு இல்லாத ஒன்று, 'எது வேண்டும்' என்று கேட்கும் உரிமை, பேத்திக்கு இருக்கட்டும்.