பள்ளி மணி: புத்தகப் பையில் கிடக்கும் கடிதம்



பங்குனி முடிந்து சித்திரை பிறக்கப் போகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் திருவிழாப் பேச்சு தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் இது வேலை மிகுந்த காலந்தான். பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கியது. 2025இல் பிப்ரவரிக்கு வந்தது. 2026இல் பழையபடி ஜனவரிக்கே திரும்பிவிட்டது. ஆகவே சித்திரை வரும்போது பிள்ளைகள் புது வகுப்புக்கும் புது ஆசிரியருக்கும் பழகியிருப்பார்கள். இனிமேல்தான் கூட்டம், விளையாட்டுப் போட்டி, பதிவு, தேர்ச்சி அறிக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் வரும். இந்த மாதம் அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் என் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு படித்த பையன் ஒருவன் இருந்தான். தகப்பனார் செம்பனையில் குலை வெட்டுபவர். தாயார் உதிரிப் பழம் பொறுக்குபவர். இருவரும் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பையன் வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருவான். ஓய்வு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடும்போது இவன் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் நிற்பான். “சாப்பிடலையாப்பா?” என்று கேட்டால், “பசிக்கல டீச்சர்” என்பான். இரண்டு மூன்று நாள் அதை நம்பினேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பசிக்காமல் இருக்குமா?

ஒரு நாள் அவன் பையைத் திறந்து பார்த்தேன். புத்தகங்களுக்கு அடியில் மூன்று கடிதங்கள் மடித்தபடியே கசங்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்று இலவச உணவுத் திட்டத்துக்கான பாரம். கொடுக்க வேண்டிய நாள் கடந்து இரண்டு வாரமாகியிருந்தது.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் என்னை உட்கார வைத்துத் தேநீர் கலக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “டீச்சரம்மா, எல்லாம் மலாய்ல இருக்கு. மொதல்ல வந்த கடுதாசி காசு கேட்டுச்சு. இதுவும் காசு கேக்குற கடுதாசிதான்னு நெனச்சு எடுத்து வச்சிட்டேன். கையில காசு வந்ததும் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

காசு கேட்கும் கடிதம் என்று அவர் பயந்து மூடி வைத்தது, அவர் பிள்ளைக்குச் சோறு போடும் கடிதம். இதில் அவர் தவறு என்ன இருக்கிறது? முப்பது பிள்ளைகள் கையில் முப்பது தாளைக் கொடுத்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்தேனே, அதுதான் தவறு. பிறகு தலைமையாசிரியரிடம் சொல்லி, காலங்கடந்தாலும் அவன் பெயரைச் சேர்த்துவிட்டோம். ஆனால் அதற்குள் எத்தனை நாள் குழாய்த் தண்ணீரால் வயிற்றை நிரப்பியிருப்பான்! அன்று முதல் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் என் கையால் இரண்டு வரி தமிழில் எழுதி அனுப்புகிறேன். என்ன கடிதம், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற இரண்டு செய்திகள் அதில் இருக்கும்.

உங்கள் பிள்ளையின் ஆசிரியர் அப்படி எழுதுவதில்லை என்றால் கேளுங்கள். தயங்க வேண்டாம். கேட்பதற்காகக் கோபித்துக்கொள்ளும் ஆசிரியர் மிகக் குறைவு.

இனி, எந்தெந்தக் கடிதம் எதற்கு வருகிறது என்று பார்ப்போம்.

உதவி பற்றிய கடிதங்கள்

மேலே சொன்ன உணவுத் திட்டத்தின் பெயர் ரஞ்சாங்கான் மக்கானான் தம்பாஹான். 1979 முதல் நடந்து வருகிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு கிடைக்கும். இதைப் பிச்சை என்று நினைக்க வேண்டாம். உங்கள் உழைப்பும் வரியும் சேர்ந்த அரசாங்கப் பணம் அது.

பாடநூல் இரவல் திட்டம் 1975இல் தொடங்கியது. 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் நூல்கள் இரவலாகக் கிடைக்கின்றன. ஆண்டிறுதியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் அட்டை போட்டு வையுங்கள். ஏழை மாணவர் அறக்கட்டளை நிதி 2003இல் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு வருமான விவரம் கேட்பார்கள். சம்பளச் சீட்டைக் கசக்கி எறியாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் அலைச்சல் மிச்சம். பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி, 2023 முதல் பெற்றோரின் வருமானம் பார்க்காமல் வழங்கப்பட்டது. இத்தகைய உதவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை; இந்த ஆண்டு என்ன உண்டு என்று பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

தேர்ச்சி அறிக்கை

“எத்தனை ஏ வாங்குவான் டீச்சர்?” என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நான் ஆறாம் ஆண்டு படித்தபோது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2019இல் கடைசியாக நடந்தது, 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. வகுப்பிலேயே ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனித்து மதிப்பிடும் முறைக்கே அதன்பின் முதலிடம் வந்தது. அந்த மதிப்பீட்டு அறிக்கையில் 1 முதல் 6 வரை எண்கள் இருக்கும். 1, 2 என்றால் பிள்ளை தடுமாறுகிறான், கைகொடுக்க வேண்டும் என்று பொருள். 3 என்றால் அடிப்படை வந்துவிட்டது. 5, 6 என்றால் நன்றாகத் தேறியிருக்கிறான்.

பெரிய தேர்வு போய்விட்டது, இனிக் கவலை இல்லை என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கவலை. அன்று தேர்வு வந்து அடித்து எழுப்பியது. இன்று யாரும் எழுப்ப மாட்டார்கள். மூன்றாம் ஆண்டிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளை சத்தமில்லாமல் ஆறாம் ஆண்டு வரை போய்விடலாம். அறிக்கை வரும் நாளில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பாடப் புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தடுமாறுகிறானா, தங்குதடையின்றிப் போகிறானா என்று காதுக்குத் தெரியும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம்

ஆண்டுக் கூட்டக் கடிதம் வந்தால், “அங்கே போய் நாம் என்ன பேசப் போகிறோம்?” என்று ஒதுங்கிவிடாதீர்கள். இச்சங்கத்துக்கென்று 1998இல் அரசாங்கமே விதிமுறை வகுத்திருக்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் என்ற முறையில் அது உங்கள் சங்கம். வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். ஆனால் பள்ளிக் கூட்டம் என்றால் வேலைக்காட்டிலிருந்து ஓடி வந்து, முகம் கழுவிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். உடம்பில் பால் வாடை போயிருக்காது. எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “பேசுனது பாதி புரியல. ஆனா ஒன் வாத்தியாரு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டாரு.” இன்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் பொருள் தெரிகிறது. எந்தப் பிள்ளையின் தாய் தகப்பனை நேரில் பார்த்திருக்கிறோமோ, அந்தப் பிள்ளை வகுப்பில் வாடி உட்கார்ந்தால் எங்கள் கண் தானாகவே அங்கே போகிறது.

விளையாட்டுப் போட்டியும் திருவிழாவும்

திடல்தடப் போட்டிக்கு முன் இல்லச் சட்டை, சப்பாத்து என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். வெள்ளைச் சப்பாத்தைக் கழுவிப் பூச்சுப் பூசிக் காய வைத்த காலம் போய், 2021 முதல் கறுப்புச் சப்பாத்து முறையாகிவிட்டது. ஓட்டத்துக்குப் புதுச் சப்பாத்து வேண்டும் என்று அழுதால் உடனே கடன் வாங்க வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள். மூத்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல சப்பாத்து பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. சப்பாத்து இல்லை என்பதற்காகப் போட்டியன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் தங்கிவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல் எளிதில் இறங்காது.

சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14. அதையொட்டியும் அதன் பிறகும் பல தோட்டங்களில் திருவிழா வரும். பால்குடம், காவடி, தீமிதி எல்லாம் பிள்ளைகள் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் ஒரு நாள் திருவிழாவுக்கு ஒரு வாரம் பள்ளியை விடுவது முறையாகாது. வர முடியாத நாளை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாமல் தொடர்ந்து வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்துக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்காகவே அனுப்புங்கள்.

முதலாம் ஆண்டுப் பதிவு

இதுதான் இந்த மாதக் கடிதங்களில் மிக முக்கியமானது. முதலாம் ஆண்டுக்கான பதிவு முந்திய ஆண்டே நடக்கிறது. வயதும் தேதியும் மாறக்கூடும் என்பதால் பாலர் பள்ளிப் பருவத்திலேயே பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் விசாரித்துவிடுங்கள். கணினி வழி விண்ணப்பம் என்று பயப்பட வேண்டாம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, முகவரி காட்டும் தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டணச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தால் நாங்கள் உதவுகிறோம். கட்டணச் சீட்டு தோட்டத்தின் பேரில் இருந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருந்தால் வழி உண்டு. ஆனால் அதற்கு நாளாகும். கடைசி வாரத்தில் வந்து நின்றால் பிள்ளைக்கு ஓராண்டு வீணாகிவிடும்.

நம் பள்ளிகளின் கதை உங்களுக்குத் தெரியும். 1816இல் பினாங்கில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது இது. பின்னர் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால் தோட்டந்தோறும் ஒரு கொட்டகை எழும்பியது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சுதந்திரம் பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்து, சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டு, இப்போது ஐந்நூற்றுச் சில்லறைதான் மிஞ்சியிருக்கின்றன. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று பெயர். நான் வேலை செய்யும் பள்ளியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. எங்களுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிள்ளை மட்டும் அல்ல. அடுத்த ஆண்டும் மணி அடிக்க ஒரு காரணம்.

மே 16 ஆசிரியர் தினம். ரசாக் அறிக்கையை 1956இல் அன்றைய சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட நாள் அது. அன்று பிள்ளைகள் பூவும் கைக்குட்டையும் கொண்டு வருவார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இந்த ஆசிரியைக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். இன்று இரவு, சோறு உண்டு பாத்திரம் கழுவிய பிறகு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் புத்தகப் பையை ஒரு முறை திறந்து பாருங்கள். அடியில் ஏதாவது தாள் கிடந்தால் எடுத்து விரித்து, “இது என்னப்பா?” என்று கேளுங்கள். அவன் வாசித்துச் சொல்லட்டும். அவனுக்கும் புரியவில்லை என்றால் மறுநாள் காலையில் எங்களிடமே கொடுத்தனுப்புங்கள்.

அந்தப் பையன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். சென்ற மாதம் சாலையில் என்னைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினான். “அம்மாவுக்கு வர்ற கடுதாசியெல்லாம் இப்ப நான்தான் படிச்சுச் சொல்றேன் டீச்சர்” என்றான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியை