மீட்டர் இல்லாத கிணறும் கணக்கில் வராத கரண்டும்

மின்வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று செய்தி வந்தாலே டீக்கடையில் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, "எல்லாம் கொக்கி போட்டுத் திருடுறாங்க". இன்னொன்று, "விவசாயிக்கு ஓசியில கொடுத்தா இப்படித்தான்". இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எத்தனை யூனிட் திருட்டில் போனது, எத்தனை கிணற்றுக்குப் போனது, எத்தனை கம்பியிலேயே சூடாகி வீணானது என்று பிரித்துக் கேட்டால் தமிழ்நாட்டில் சரியான பதில் கிடைக்காது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

முதலில் கம்பி. பிளஸ் டூ இயற்பியலில் படித்ததுதான்: மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப இழப்பு கூடும். ஒரு ஓம் மின்தடை உள்ள கம்பியில் 100 ஆம்பியர் ஓடினால் 10 கிலோவாட் வீண். 200 ஆம்பியர் ஓடினால் 20 அல்ல, 40! அதனால்தான் மேட்டூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் வோல்டேஜை ஏற்றி, ஆம்பியரைக் குறைத்து அனுப்புகிறார்கள். துணை மின்நிலையத்தில் அது 22 அல்லது 11 கிலோவோல்ட்டாக இறங்கி, ஊருக்குள் டிரான்ஸ்ஃபார்மரில் மறுபடி இறங்குகிறது.

இறங்கிய பிறகுதான் வில்லங்கம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பி காடு மேடெல்லாம் சுற்றிப் போகிறது. நிலத்தடி நீர் கீழே போகப் போக 5 குதிரைத்திறன் மோட்டார் ஏழரை ஆகிறது, பத்தாகிறது. கடைசிக் கம்பத்துக்காரருக்கு வோல்டேஜ் வருவதில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், இழப்பு இன்னும் ஏறும், காயில் எரியும். காயில் கட்டக் கொடுக்கும் பணம்தான் "இலவச" மின்சாரத்துக்கு அவர் கட்டும் பில்.

அடுத்து கணக்கு. மின்சாரச் சட்டம் 2003, மீட்டர் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்கிறது. மாநில ஆணையம் அவகாசத்தை நீட்டிக்கலாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது, நீட்டிப்பும் நடந்துகொண்டேயிருக்கிறது. 20 லட்சத்துக்கும் மேலான பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மாதிரிக்குச் சிலவற்றை அளந்து, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பெருக்கி விடுகிறார்கள். வாங்கிய மின்சாரத்தில் பில் போட்டதையும் இந்த மதிப்பீட்டையும் கழித்தால் மீதி "இழப்பு". அதாவது விவசாயக் கணக்கைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினால் காகிதத்தில் இழப்பு குறையும். திருட்டும் பழைய கம்பியும் உழவர் தலையில் ஏறிக்கொள்ளும்.

அப்படியானால் கிணற்றுக்குக் கிணறு மீட்டர் மாட்டிவிடலாமே? சொல்வது சுலபம். 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் போராடிய மூன்று விவசாயிகள் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரம் 2003இல் பறிபோய், 2004 மக்களவைத் தேர்தல் முடிந்ததும் திரும்பி வந்தது. 2020இல் மத்திய அரசின் வரைவு மசோதா, மானியத்தை வங்கிக் கணக்கில் போடலாம் என்றது. முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்றுதான் கிராமத்தில் அதைப் புரிந்துகொண்டார்கள். "கணக்குக்காகத்தான் மீட்டர்" என்று அதிகாரி சொன்னால் நம்ப மறுப்பவரை அறியாதவர் என்று ஒதுக்க முடியாது.

எனவே மீட்டரைக் கிணற்றில் மாட்ட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டுங்கள். யார் எவ்வளவு இறைத்தார் என்று அது சொல்லாது, யாருக்கும் பில் போட உதவாது. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எவ்வளவு போனது என்று சொல்லிவிடும். ஊரில் வீடும் பம்பும் ஒரே கம்பியில் கலந்து கிடப்பதால், வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையைக் கழித்துப் பார்க்கும் வேலை கூடுதலாக இருக்கும். குஜராத்தில் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் வீட்டு லைனையும் பம்பு லைனையும் தனித்தனியாகப் பிரித்தே விட்டது. அங்கேயும் கிணற்றுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பம்புக்கு நேரம் வரையறுக்கப்பட்டதால்.

டிரான்ஸ்ஃபார்மர் மீட்டரில் இன்னொரு லாபமும் உண்டு. எது தாங்கும் அளவைத் தாண்டி ஓடுகிறது என்பது எரிவதற்கு முன்பே தெரியும். அங்கே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குப் பதில் 11 கிலோவோல்ட் லைனைக் கிணற்றுப் பக்கம் வரை இழுத்து, நாலைந்து பம்புக்கு ஒன்றாகச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் வைக்கலாம். கொக்கி போடுவதும் கஷ்டம், கடைசிக் கம்பத்துக்காரரின் காயிலும் தப்பிக்கும்.